படையலுக்கு ஒரு ஹெட்போன்

அண்ணனின் ஹெட்போனை நான் கையால் தொட்டதில்லை. அவர் உயிரோடு இருந்தபோதும் தொட்டதில்லை, செத்துப் பதினோரு நாள் ஆன பிறகும் தொட மனம் வரவில்லை. காதை மூடும் இரண்டு மெத்தைகளிலும் தோல் உரிந்து, கறுப்புக் கறுப்பாகச் செதில் உதிர்ந்துகொண்டிருந்தது. உரிந்த இடத்தில் மஞ்சளாகப் பஞ்சு. அந்தப் பஞ்சில் மூன்று வருட வியர்வையும் தலையெண்ணெயும் கோடாலித் தைலமும் ஊறிப்போய், அலமாரியைத் திறந்தாலே குப்பென்று அடிக்கும். அந்தச் செதில் அவர் சோற்றில் விழுந்து நான் பார்த்திருக்கிறேன். விரலால் எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிடுவார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

எனக்கு அருவருப்பு அதிகம். அதை மறைக்க ஒன்றுமில்லை. பசாரில் மீன் தண்ணீர் காலில் தெறித்தால் வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போடுகிறவள் நான். பஸ்ஸில் ஒருவர் எழுந்த இடம் சூடாக இருந்தால் நின்றுகொண்டே வருவேன். அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் ஆறாத கால்புண்ணோடு அண்ணன் வந்து சேர்ந்தார். மூன்று வருடம் வைத்துப் பார்த்துக்கொண்டேன். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், லோகேஸ்வரி மாதிரி ஒரு தங்கச்சி கிடைக்காது என்று. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மகேந்திரன் மம்பாவ் ஊரைத் தாண்டியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் குலை வெட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சர்க்கரை வியாதியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்த பிறகு வேலை போயிற்று. வேலையோடு தோட்டத்து வீடும் போயிற்று. அதே தோட்டத்து ஆபீசில் நான் கிராணி, கணக்கு எழுதுகிறவள். என் வீட்டுக்காரர் இராஜமாணிக்கம் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். இடம் இருந்தது, கூட்டிக்கொண்டு வந்தோம்.

வந்த மாதமே ரஹாங்கில் ஒரு போன் கடையில் அந்த ஹெட்போனை வாங்கினார். வயர் இல்லாதது, கடையில் இருந்ததிலேயே மலிவானது. அன்றிலிருந்து காலைக் காப்பிக்கு மாட்டினால் படுக்கப் போகும்போதுதான் கழற்றுவார். ஹாலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் போனை வைத்துக்கொண்டு, தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே போய்க் கையை ஆட்ட வேண்டும். அப்போது அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "என்னம்மா?" என்பார்.

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு வசதியும் இருந்தது. அவர் எதிரிலேயே எதையும் பேசலாம். எங்களுடையது சின்ன வீடு. ரகசியம் பேச ஒரு மூலை கிடையாது. ஹெட்போன் தலையில் இருக்கிறவரை அண்ணன் வீட்டில் இல்லாத மாதிரிதான். தம்பி ரவிச்சந்திரனும் அவன் பெண்டாட்டி திலகாவும் வந்தால் முதலில் அவர் தலையைப் பார்ப்பார்கள், பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

கடைசி ஒரு வருடம் அவர் போக்கு இன்னும் மோசமாயிற்று. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் திடீரென்று விட்டுவிட்டார். எல்லாரும் முடித்துக் கை கழுவிய பிறகுதான் பசிக்கிறது என்பார். காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி, துணி துவைக்கிற இடத்தை ஒட்டியிருந்த சாமான் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். அங்கே என்ன காற்று வரும்? கோடாலித் தைலத்தை அபிஷேகம் மாதிரி உடம்பெல்லாம் பூசிக்கொள்வார். அவர் நடந்து போன வழியெல்லாம் தைல வாடை.

அப்புறம் அந்தப் பொய். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்ட வாரம் இரண்டு தடவை சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஒருநாள், டாக்டர் இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார், கட்டை நானே மாற்றிக்கொள்கிறேன் என்றார். நம்பினேன். மூன்று மாதம் வந்தபோது நானே பஸ் ஏறிப் போய்வருகிறேன் என்றார், அதையும் நம்பினேன். பத்து மாதம் கழித்துக் கால் கறுத்து, காய்ச்சலில் பேச்சுக் குழறி, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் தெரிந்தது, அவர் ஒரு தடவைகூடப் போகவில்லை என்று. நான்கு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தே காலை அழுகவிட்டார், என்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்று சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதேன்.

பதினாறாம் நாள் படையலில் செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். அண்ணனுக்கு என்ன பிடிக்கும் என்று உட்கார்ந்து யோசித்தோம். பெத்தாய்க் கொட்டை போட்ட நெத்திலி சம்பல், ஒரு போத்தல் ஸ்டவுட் பீர். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஐம்பத்தேழு வயது மனுசன், கூடப் பிறந்த இரண்டு பேருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அப்புறம் ரவிச்சந்திரன்தான் ஹெட்போன் என்றான். எல்லாரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

அந்த நாற்றம் பிடித்த பழசைக் குத்துவிளக்குக்கு முன்னால் வைக்க முடியாது. படையல் சாமான் புதிதாக இருக்க வேண்டும், எடுத்த பிறகு வீட்டில் ஒருவர் அதைப் பயன்படுத்த வேண்டும், தூக்கிப் போடக்கூடாது. இது எங்கள் வீட்டு வழக்கம். புதிதாக வாங்குவது என்று முடிவாயிற்று. நான் மனதுக்குள் இன்னொன்றும் முடிவு செய்தேன். அண்ணன் போட்ட சட்டையெல்லாம் என் வீட்டுக்காரர் போட்டுக் கழித்தது. படுத்த மெத்தை என் பிள்ளைகள் படுத்து அமுங்கியது. இந்த ஒரு சாமானாவது அவருக்கென்று பார்த்து, தரமாக, அவருக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் என் கடமை முடிந்தது, மனதில் ஒரு குறை இல்லாமல் அவரை அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் ரவிச்சந்திரன் ராத்திரிச் சந்தையில், பசார் மாலாமில், ஒன்று வாங்கி வந்தான். இரண்டு காதைச் சுற்றியும் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரிந்தது. வாங்கி வந்த கையோடு, மாலை போட்ட அண்ணன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, அதைத் தன் தலையில் மாட்டி, தன் போனோடு இணைத்து, அரைமணி நேரம் கழுத்தை ஆட்டினான். "பேஸ் நல்லா இருக்குக்கா. ஒரு தடவ சார்ஜ் போட்டா நாப்பது மணி நேரம் நிக்கும். அண்ணனுக்கு இது போதும்லா," என்றான். படையல் முடிந்ததும் அது யார் தலைக்குப் போகும் என்று கேட்கவே தேவையில்லை. வேலைக்கு மோட்டாரில் போகும்போது பாட்டுக் கேட்க ஒன்று வேண்டும் என்று போன மாதம் முழுக்க சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். செத்தவருக்கு எடுத்த வேட்டியை இடுப்பில் கட்டி அளவு பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அவன் கழற்றிக் கொடுத்தபோது மெத்தை ஈரமாக இருந்தது. டெட்டால் தொட்டு இரண்டு தடவை துடைத்துவிட்டு, அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: சார்ஜ் நிற்கிறது, தட்டுத் தடங்கல் இல்லாமல் இணைகிறது. மற்றபடி அது ஒரு அசிங்கம். பிளாஸ்டிக் நாற்றம் மண்டைக்கு ஏறியது. மண்டையை இரண்டு பக்கமும் அழுத்தியதில் ஐந்து நிமிடத்தில் காது கொதித்தது. மேளம் குத்துகிறது, பாடுகிறவர் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறார். அண்ணன் விரலால் அவ்வளவு மெதுவாகத் தாளம் போடுகிறவர், இந்த இடியை அவர் என்ன செய்வார்?

இரண்டாவதைத் திலகா ஆன்லைனில் வரவழைத்தாள். அவள் வீட்டிலிருந்தே போன் மூலம் புடவை விற்கிறவள். வந்தது ரோஸ் நிறம். அண்ணனுக்கு ரோஸா என்று கேட்டேன், அந்த நிறம்தான் இருந்ததாம். மைக் ரொம்ப நல்லா இருக்கு அண்ணி, பேசினா எதிர்ப்பக்கம் தெளிவாக் கேக்குது என்று சொன்னாள். செத்தவர் யாருக்குப் போன் போடப் போகிறார்? மடக்கிப் பையில் வைக்கலாம், கனம் இல்லை, பாடுகிறவர் குரல் தெளிவாக இருக்கிறது, அவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சமையல்கட்டுக்கு நடந்தால் பாட்டு அறுந்து அறுந்து விழுந்தது. ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் உள்ளேயிருந்து ஒருத்தி, ஏதோ கப்பல் துறைமுகத்தை அடைந்த மாதிரி, இணைந்துவிட்டது என்று இங்கிலீஷில் கத்தினாள். அதற்குள் மெத்தையில் திலகாவின் முகப்பவுடர் வேறு ஒட்டியிருந்தது. அதற்கும் டெட்டாலை எடுத்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஒரே ஒரு பெரிய குறை இருந்தது. வெளியில் கேட்கிற சத்தம் அப்படியே உள்ளே வந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திலகாவைப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசச் சொன்னேன். அவள் ரவிச்சந்திரனிடம் கிசுகிசுத்ததுகூடக் காதில் விழுந்தது. என்ன பேசினாள் என்பது இங்கே வேண்டாம். அண்ணனுடையது இப்படியா? பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பமாட்டார். அவ்வளவு மலிவில் வாங்கிய பழசுக்கு இருந்த தரம் இந்தப் புதுசு இரண்டுக்கும் இல்லையே என்று ஆத்திரமாக வந்தது.

என் வீட்டுக்காரர் லாரி சாவியைச் சுழற்றிக்கொண்டே, பழசுக்கே புது மெத்தை மாட்டி வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று சொன்னார். அவரை நான் பார்த்த பார்வையில் வெளியே போய்விட்டார். ஆனால் அதிலிருந்துதான் எனக்கு யோசனை வந்தது. பழசைக் கடைக்கே கொண்டுபோய், இதே மாதிரி வெளிச்சத்தத்தை அடைக்கிறதாக ஒன்று கொடு என்று கேட்டால் போயிற்று. மறுநாள் மத்தியானம் லீவு போட்டேன். இரண்டு பிளாஸ்டிக் பையைக் கைக்கு உறை மாதிரி மாட்டிக்கொண்டு ஹெட்போனை எடுத்து, மூன்றாவது பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். காரின் பின்சீட்டில் வைத்தேன். அப்படியும் ரஹாங் போய்ச் சேரும்வரை தைல வாடை அடித்துக்கொண்டே இருந்தது.

கடைக்காரர் சத்தியசீலனுக்கு முப்பது வயது இருக்கும். பையைப் பிரித்துக் கூசாமல் கையில் எடுத்தார். தலைப்பட்டையில் சுற்றியிருந்த நீலத் துணி டேப்பைப் பார்த்ததும், "இது மகேந்திரன் அண்ணனோடதாச்சே," என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வந்த வேலையைச் சொன்னேன். படையலுக்கு வேண்டும், விலை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் இதைப் போலவே வெளிச்சத்தம் துளியும் உள்ளே வரக்கூடாது.

அவர் குழப்பமாக என்னைப் பார்த்தார். "இது வெளிச்சத்தத்த அடைக்காதுக்கா. இந்த வெலைக்கு எதுவும் அடைக்காது. அதுக்குன்னு தனியா இருக்கு, வெலையும் வேற. இதப் போட்டுக்கிட்டா பக்கத்துல பேசறது அவ்வளவும் கேக்கும்."

பாட்டு ஓடும்போதுமா என்று கேட்டேன்.

"பாட்டு ஓடுனா கொஞ்சம் மறைக்கும். ஆனா இது பாட்டுப் பாடி ஒன்றர வருசம் ஆச்சேக்கா."

எனக்குப் புரியவில்லை. அவர் சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து வலது காதைத் திறந்து காட்டினார். உள்ளே பச்சைத் தகடு முழுக்க வியர்வை அரித்துப் பூத்துப்போயிருந்தது. பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. போன வருடத்துக்கு முந்தின தீபாவளி சமயத்தில் அண்ணன் இதைக் கொண்டுவந்தாராம். இனிமேல் சரிசெய்ய முடியாது என்று இவர் சொல்லியிருக்கிறார். மலிவாகப் புதிது ஒன்று தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணன் வேண்டாம் என்று சிரித்தாராம். பேட்டரி உப்பியிருக்கிறது, தலையில் வெடித்துத் தொலைக்கப் போகிறது, அதை மட்டும் எடுத்துவிட்டு, உடைந்த பட்டையில் டேப் சுற்றிக் கொடு என்றாராம்.

பாடாததை எதற்கு மாட்டிக்கொள்கிறீர்கள் என்று சத்தியசீலனும் கேட்டிருக்கிறார். அண்ணன் சொன்ன பதிலை அவர் அப்படியே சொன்னார்.

"'இது தலையில இருந்தா வீட்டுல எல்லாரும் தாராளமா பேசிக்கிறாங்க தம்பி. கழட்டிட்டா நான் இருக்கேன்னு பேச்ச நிறுத்திடுறாங்க. தனியாவே இருந்து பழகிட்டேன், சுத்தி நாலு பேரு பேசற சத்தம் கேட்டா நல்லா இருக்கு'ன்னாரு."

நான் கையை நீட்டினேன். பை இல்லாத கையை. மூடியை மாட்டி அவர் கொடுத்த ஹெட்போனை வாங்கி என் தலையில் மாட்டினேன். செதில் கழுத்துக்குள் உதிர்ந்தது. பிசுபிசுவென்று பஞ்சு காதில் ஒட்டியது. கடைக்குள் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. இரண்டு கடை தள்ளி ஒரு பெண் போனில் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை தவறாமல் கேட்டது. சத்தியசீலன் அந்தக் கோடியில் திரும்பி நின்றபடி மெதுவாக, "அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். அதுவும் கேட்டது.

காரில் உட்கார்ந்தேன், ஆனால் சாவியைத் திருப்ப முடியவில்லை. ஒன்றரை வருடம் என்ன பேசினோம் என்று யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

சாப்பிடும்போது அந்தச் செதிலைப் பார்த்தால் வாந்தி வருகிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னவள் நான். அண்ணன் எதிரே உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார். அதற்கப்புறம்தான் அவருக்கு எல்லாரும் முடித்த பிறகு பசிக்க ஆரம்பித்தது. இவர் குறட்டையில் தூக்கமே போச்சு, காலையில் லாரி ஓட்ட முடியவில்லை என்றது என் வீட்டுக்காரர். அந்த வாரமே சாமான் அறையில் நல்ல காற்று வீசத் தொடங்கிவிட்டது. திலகா வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறுகிறது என்றாள். அழுகுகிற காலை வைத்துக்கொண்டு வேறு என்ன மணக்கும் என்று நான் சிரித்தேன். கோடாலித் தைலம் அதற்குப் பிறகு வந்தது. அந்த வாடைக்கும் நான் மூக்கைப் பொத்தினேன்.

இன்னொன்று இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் நின்று ஆபீஸ் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே திலகாவிடம் போனில் பேசினேன். "வாரத்துக்கு ரெண்டு தடவ லீவு கேட்டு மேனேஜர் மூஞ்சியப் பாக்க முடியலலா. இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்கறதுக்கு அண்ணன் ஒரேடியா போய்ச் சேந்துட்டா அதுக்கும் நல்லது, எனக்கும் நல்லது." அண்ணன் என் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தாளம் போட்டது. அடுத்த பாட்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் அவர் சொன்னார், டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றாராம் என்று. நான் டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்க எனக்கு ஆசையில்லை, அதுதான் உண்மை. அன்றைக்குச் சந்தோஷத்தில் அவருக்குப் பெத்தாய் போட்டு நெத்திலி சம்பல் செய்துகொடுத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

கார்க் கண்ணாடியில் என் காதோரம் ஒரு கறுப்புச் செதில் ஒட்டியிருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் செதிலைப் பார்த்து அல்ல. மூன்று தடவை சோப்புப் போட்டாலும் போகாத ஒன்று என் வாயிலேயே இருந்திருக்கிறது.

பதினாறாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் படையல் போட்டோம். தலைவாழை இலையில் சோறு, சம்பல், பக்கத்தில் ஸ்டவுட். கடையில் ஒன்றும் சரியாக இல்லை என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தேன். ரவிச்சந்திரன் தன்னுடையதை வைத்தான், விளக்கை அணைக்கத் தெரியாமல் அது சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அதன் பக்கத்தில் திலகா ரோஸ் நிறத்தை வைத்தாள். நான் பழசை எடுத்துவந்து, துடைக்காமல், படத்துக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். அதைப் போய் வைக்கிறியே என்றார் என் வீட்டுக்காரர்.

சூடம் காட்டியதும் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்தோம். செத்தவர் வந்து சாப்பிடக் கால்மணி நேரம் விட வேண்டும். பிறகு வீட்டில் மூத்தவர் கதவை மூன்று தடவை தட்டிவிட்டுத் திறப்பது வழக்கம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பித்தது. சாமான் அறையைக் கழுவி விட்டாலும் நாற்றம் போகாது, சுண்ணாம்பு அடிக்கணும் என்றார் என் வீட்டுக்காரர். கடைசி ஒரு வருசம் அக்கா பட்ட பாடு கொஞ்சமா என்றான் ரவிச்சந்திரன். எனக்கு நல்லது சொல்வதாகத்தான் அவன் நினைத்தான்.

"மெதுவாப் பேசுங்க," என்றேன். "அண்ணனுக்குக் கேக்கும்."

நான் துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துத் திலகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துலயே மூணு ஹெட்போன் வச்சிருக்கோமே அண்ணி. ஒண்ண மாட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு எங்க கேக்கப் போவுது?" என்றாள். மற்றவர்கள் லேசாகச் சிரித்தார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரவர் பேசியதை அவரவர் தேடிப் பார்ப்பார்கள், கடைசியில் என்னுடையதுதான் எல்லாவற்றையும்விடக் கனமாக இருக்கும். வாயை மூடிக்கொண்டேன். அதுவும் என்னை எனக்கே பிடிக்காமல் செய்தது.

கால்மணி நேரம் ஆயிற்று. இப்போது மூத்தவள் நான்தான், போய்த் தட்டு என்றார்கள். எழுந்து போய்க் கையை ஓங்கினேன். மூன்று வருடம் அவர் முகத்துக்கு முன்னால் ஆட்டிய கை. அதை இறக்கிவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிற குரலில், "அண்ணே, உள்ள வரோம்," என்றேன்.

சத்தமாகத் தட்டு அக்கா, அது யாருக்குக் கேட்கும் என்றான் பின்னாலிருந்து ரவிச்சந்திரன். நான் தட்டாமலே கதவைத் திறந்தேன்.